மெடிக்கெய்டு ‘மருத்துவ உதவி’ அன்று

தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரின் சாட்ஸ்வொர்த்தில் சனிக்கிழமைதோறும் நாங்கள் கூடும் தமிழ் வகுப்பில் போன மாதம் அமெரிக்கச் செய்தி ஒன்றைப் படித்தோம். வருவாய் குறைந்தவர்களின் மருத்துவச் செலவை அரசே ஏற்கும் ‘மெடிக்கெய்டு’ என்னும் திட்டமும் அதையொட்டிய குழந்தைகள் திட்டமும் அதில் ‘ஏழைக் குழந்தைகளுக்கான மருத்துவ உதவித் திட்டம்’ என்று ஆகியிருந்தன. எழுபது வயதைத் தாண்டிய ஆயா ஒருவர் வியந்துபோய், “அங்கே ஏழைக்கும் மெடிக்கல் எய்டு உண்டா?” என்றார். அவர்மேல் பிழையில்லை. இந்த மொழிபெயர்ப்பை நான் பார்ப்பது இது எத்தனையாவது முறையோ!

டர்பனில் ‘மெடிக்கல் எய்டு’ என்றால் மாதாமாதம் சந்தா கட்டிச் சேரும் தனியார் திட்டம். நாட்டில் ஏறத்தாழ ஆறில் ஒருவருக்குத்தான் அது உண்டு. மற்றவர்கள் ஆர்.கே. கான் போன்ற அரசு மருத்துவமனைக்குப் போவார்கள். அதனால் எங்கள் ஊரில் ‘மருத்துவ உதவி’ என்று எழுதினால் பொருள் தலைகீழாகிவிடுகிறது.

மெடிக்கெய்டு 1965-இல் லிண்டன் ஜான்சன் கையெழுத்திட்ட சட்டத்தில் பிறந்தது. ‘மெடிக்கல்’, ‘எய்டு’ இரண்டையும் ஒட்டிய பெயர்.

பெயரிலேயே ‘எய்டு’ இருக்கிறதே, ‘உதவி’ என்றால் என்ன குற்றம் என்பார்கள். உதவி கொடுப்பவர் மனத்தைப் பொறுத்தது. இன்று தருவார், நாளை கைவிரிப்பார். மெடிக்கெய்டு அப்படியல்ல. தகுதி இருந்தால் சட்டப்படி சேர்த்தே ஆக வேண்டும். செலவை நடுவண் அரசும் மாநிலமும் பகிர்ந்துகொள்கின்றன. உரிமையை உதவி என்று எழுதினால் பெறுபவரைக் கையேந்த வைக்கிறோம்.

‘ஏழை’ அதைவிட மோசம். 1997-இல் வந்த குழந்தைகள் திட்டமான ‘சிப்’ யாருக்கு? மெடிக்கெய்டு வரம்பைவிடச் சற்றுக் கூடுதலாக வருமானம் இருந்தும் தனியார் இன்சூரன்ஸ் வாங்க முடியாத குடும்பங்களின் பிள்ளைகளுக்கு, 19 வயது நிரம்பும்வரை. சில மாநிலங்களில் சிறு தொகை கட்டவும் வேண்டும். ஆகவே ‘ஏழை’யும் பொருந்தாது, ‘இலவச’மும் பொருந்தாது. ‘குறைந்த வருவாய்’ என்பதே சரி.

இன்சூரன்ஸைத் தமிழ்நாட்டார் ‘காப்பீடு’ என்பார்கள். காப்பு, ஈடு. இழந்ததற்குச் சமமாகக் கொடுப்பது ஈடு. கார் திருடுபோனால் அது பொருந்தும். பிள்ளைக்குத் தடுப்பூசி போடுவதிலும் பல் பார்ப்பதிலும் என்ன இழப்பு, என்ன ஈடு? இலங்கையிலும் மலேசியாவிலும் வழங்கும் ‘காப்புறுதி’ எனக்கு இன்னும் தெளிவாகப் படுகிறது. நோய் வந்தால் பார்த்துக்கொள்வோம் என்ற உறுதிதானே இது? மெடிக்கெய்டைக் ‘குறைவருவாயினர் மருத்துவக் காப்புறுதி’ என்றும், சிப்பைக் ‘குழந்தைகள் மருத்துவக் காப்புறுதி’ என்றும் எழுதலாம். ஆயாவுக்கு ஒரே தடவையில் புரிந்தது.

அகராதியில் முதலில் கண்ட சொல்லை எடுத்து ஒட்டும் பழக்கம் இங்கேயும் வந்துவிட்டது. 2024 மே மாதம் தென்னாப்பிரிக்க அதிபர் ராமபோசா கையெழுத்திட்ட சட்டத்தைத் ‘தேசிய சுகாதாரக் காப்பீடு’ என்கிறார்கள். சுகாதாரம் என்றதும் எங்கள் வகுப்பில் பாதிப் பேருக்குத் துப்புரவுதான் நினைவுக்கு வருகிறது. இன்னொருவர் 1994-இல் மண்டேலா அரசு ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கும் கருவுற்ற பெண்களுக்கும் கொடுத்த கட்டணமில்லாச் சிகிச்சையைக்கூடக் ‘காப்பீடு’ என்று எழுதியிருக்கிறார். அதில் சந்தாவும் இல்லை, உறுப்பினர் அட்டையும் இல்லை; அரசு மருத்துவமனையில் கட்டணம் வாங்கமாட்டார்கள், அவ்வளவுதான். எங்கள் தாய்மார் அதை ‘இலவச வைத்தியம்’ என்கிறார்கள். அப்படியே எழுதுங்கள்.