வெட்டிய பிறகு என்னிடம் வராதீர்கள்

பங்குனி பிறந்ததிலிருந்து இது மூன்றாவது கட்டைப்பை. போன வியாழக்கிழமை தையல் வகுப்பு முடிகிற நேரத்தில் ஒரு பெண் வந்து, தானே வெட்டிய கவுன் துண்டுகளை மேஜைமேல் கொட்டினாள். முன்பக்கம், பின்பக்கம், இரண்டு கை, கழுத்துப் பட்டி. வெள்ளையில் நீலப்பூ போட்ட மல் காட்டன், மூன்று மீட்டர். கத்தரி பிடித்த கையில் குறையே இல்லை, ஒரு பிசிறு கிடையாது.

"அக்கா, சைடு மூட்டிப் பார்த்தேன், நெஞ்சுக்கிட்ட ஏறவே மாட்டேங்குது. கொஞ்சம் பிரிச்சு விட்டுத் தர்றீங்களா?"

எங்கேயிருந்து விட? தையலுக்கு உள்ளே விட்டிருப்பது ஒன்றரை சென்டிமீட்டர்.

பேட்டர்ன், அதாவது துணிமேல் வைத்து வெட்டும் அளவுத் தாள், அமெரிக்காவில் இருக்கும் அவள் அக்கா அனுப்பியது. உறைக்குள் 8 முதல் 16 வரை எல்லா சைஸும் ஒரே தாளில், ஒன்றுக்குள் ஒன்றாகக் கோடு போட்டிருந்தது. அக்கா அனுப்பும் ரெடிமேட் கவுனில் 12 என்று இருக்கும், அது இவளுக்குக் கச்சிதம். அதனால் 12-ஆம் கோட்டில் வெட்டிவிட்டாள். டேப் வைத்தேன், மார்புச் சுற்றளவு 38 அங்குலம். அந்த உறையின் பின்பக்கத்திலேயே அச்சடித்திருக்கிறது: 12 என்றால் மார்பு 34, இடுப்பு இருபத்தாறரை, சீட் (பின்புறத்தின் சுற்றளவு) 36. அவளுக்குரியது 16. அந்தக் கோடு அதே தாளில் சரியாக ஓர் அங்குலம் தள்ளி இருந்தது.

இதை எத்தனை தடவைதான் சொல்வது? கடையில் தொங்கும் துணியின் எண் வேறு, பேட்டர்ன் தாளின் எண் வேறு. கடைக்காரருக்கு வாங்குகிறவர் மனம் குளிர வேண்டும். அதனால் துணி பெருத்துக்கொண்டே போனாலும் லேபிளில் இருக்கும் எண் பெருப்பதில்லை. பட்டரிக், மெக்கால்ஸ், சிம்ப்ளிசிட்டி, வோக் போன்ற பழைய அமெரிக்கப் பேட்டர்ன்கள் பழைய எண்ணையே பிடித்துக்கொண்டிருக்கின்றன. கடையில் 12 போடுகிறவருக்குத் தாளில் 16 வரும், 18-ம் வரும். அதைப் பார்த்து "நான் அவ்வளவு குண்டா அக்கா?" என்று கேட்காதீர்கள். எண்ணுக்கும் குண்டுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. நம்மூர் குர்த்தி லேபிளும் ஒழுங்கில்லை. 38 என்றால் ஒரு கடையில் உடம்பின் அளவு, இன்னொரு கடையில் துணியின் அளவு. S, M, L பற்றிப் பேசவே வேண்டாம்.

இதில் எங்கள் தொழில்காரர்களின் பங்கும் இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். நாற்பது வயதுப் பெண்ணிடம் உங்கள் மார்புச் சுற்றளவு என்ன என்று கேட்டால் விழிக்கிறார். எப்படித் தெரியும்? பத்தாம் வகுப்பிலிருந்து டெய்லரிடம் அளவு ஜாக்கெட்டைத்தானே கொடுத்துக்கொண்டிருக்கிறார். டேப்பைக் கழுத்தில் மாலையாகப் போட்டிருப்போம், எடுத்து அளக்க மாட்டோம். அளவு ஜாக்கெட் கொண்டுவந்தால் எங்களுக்கும் வேலை சுலபம். ஆனால் பேட்டர்ன் தாளுக்கு அளவு ஜாக்கெட் தெரியாது, அதற்கு உடம்பின் அளவுதான் வேண்டும்.

ஆகவே வெட்டும் முன் வீட்டில் யாரையாவது கூப்பிட்டு அளக்கச் சொல்லுங்கள். நீங்களே கையைத் தூக்கி அளந்தால் டேப் முதுகில் இறங்கிவிடும். அக்குளுக்குக் கீழே மேல்மார்பை ஒரு தடவை, மார்பின் நடுவில் ஒரு தடவை. இரண்டுக்கும் வித்தியாசம் 2 அங்குலத்துக்கு மேல் போனால் மேல்மார்பு அளவை வைத்துச் சைஸ் எடுத்து, முன்பக்கத்தில் மட்டும் மார்புக்கு இடம் கூட்டுங்கள். பெரிய சைஸாக எடுத்தால் மார்பு சரியாகும், ஷோல்டர் வழியும். இந்தப் பேட்டர்ன்கள் 5 அடி 5, 6 அங்குல உயரத்துக்குப் போட்டவை. நீங்கள் 5 அடி 1 என்றால் இடுப்புக்கு மேலே தாளில் இருக்கும் இரட்டைக் கோட்டில் மடித்துக் குறைக்க வேண்டும், கீழ்மடிப்பில் அல்ல.

38 உடம்புக்கு, தைத்து முடித்த துணியும் 38 இருந்தால் மூச்சு விட முடியாது. அதற்கு வேண்டிய லூஸைத் தாளிலேயே போட்டிருப்பார்கள், அதற்குமேல் நீங்களும் "கொஞ்சம் ஃப்ரீயா" என்று கூட்டினால் கிடைப்பது நைட்டி. தையலுக்கு விடும் துணி மட்டும் கவனம். அமெரிக்கத் தாள்களில் ஒன்றரை சென்டிமீட்டர் சேர்ந்தே இருக்கும். ஜெர்மனியின் பர்தா (Burda) தையல் இதழோடு வரும் பேட்டர்னில் அதுவும் இருக்காது, நாமேதான் கூட்ட வேண்டும். பிரித்து விட நம்மூர் டெய்லர்கள் உள்ளே வைக்கும் ஒரு அங்குலத்தை எந்தத் தாளும் தராது. வேண்டுமானால் சைடில் நீங்களே சேர்த்து வெட்டுங்கள்.

துணியை நனைக்காமல் வெட்டாதீர்கள். ஜாக்கெட் லைனிங்கை மட்டும் பக்தியோடு நனைத்துக் காயப்போடுவார்கள், முழு கவுனுக்கான காட்டனை அப்படியே வெட்டுவார்கள். நூற்றுக்கு 3, 4 சுருங்கினாலே முழங்காலுக்குக் கீழே வந்தது மேலே போய்விடும். பின்னால் எப்படித் துவைக்கப் போகிறீர்களோ அப்படியே முதலில் ஒரு தடவை துவைத்துவிடுங்கள். (கல்லுப்புப் போட்டால் சாயம் நிற்கும் என்கிற கதைக்குத் தனியாக ஒரு நாள் வருகிறேன்.)

இனி ஜெராக்ஸ் கடை. ஆன்லைனில் வாங்கும் பேட்டர்னை பிரிண்ட் போடும்போது அளவை நூறு சதவீதத்தில் வைக்கச் சொல்லுங்கள். தாளுக்குப் பொருந்தும்படி என்று தம்பி ஒரு பட்டனைத் தட்டிவிட்டால் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி சுருங்கும், ஒட்டும்போது கோடு கோட்டோடு அழகாகச் சேரும், யாருக்கும் சந்தேகமே வராது. முதல் பக்கத்தில் சோதனைக் கட்டம் ஒன்று இருக்கும். 10 சென்டிமீட்டர் என்று எழுதிய அந்தக் கட்டம் போன மாதம் ஒருவர் கொண்டுவந்த தாளில் 9.4 இருந்தது. அதில் வெட்டினால் 40 அங்குலம் 37.6 ஆகிவிடும். ஸ்கேல் வைக்க அரை நிமிஷம் ஆகுமா?

விலை கூடிய துணி என்றால், தயவுசெய்து, முதலில் ஒரு காடாத் துணியிலோ பழைய வேட்டியிலோ வெட்டி மூட்டிப் போட்டுப் பாருங்கள்.

அந்தப் பெண்ணின் கவுனுக்கு இரண்டு பக்கமும் கீழ்மடிப்பிலிருந்து அக்குள் வழியாகக் கைநுனி வரைக்கும் நீலத்தில் பட்டி வைத்து மூட்டினேன். ஒரு மாலை முழுக்கப் போனது. கண்ணாடி முன்னால் போட்டு ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கேட்கிறாள்: "டிசைன் மாதிரியே இருக்குதுக்கா. அடுத்ததையும் 12-லயே வெட்டிட்டு வரட்டுமா?"