பழைய ஜீப்பில் பின்பக்க ஏசி: பில் போடும் முன் பார்க்க வேண்டியவை

மார்ச் பிறந்துவிட்டால் போதும், "பின்னாடி ஏசி போட எவ்வளவு ஆகும்?" என்ற கேள்வியோடு பழைய பொலிரோவும் ஸ்கார்பியோவும் சஃபாரியும் பட்டறை வாசலுக்கு வந்துவிடும். கடைசி சீட்டிலிருந்து பெரியவர்களும் பிள்ளைகளும் வேர்த்து விறுவிறுத்து இறங்குவார்கள். ஆசை நியாயமானதுதான். ஆனால் பானெட்டைத் திறக்காமலேயே தொகை சொல்லிவிடுகிற கடை என்றால் கொஞ்சம் யோசியுங்கள்.

முதலில் முன்பக்க ஏசி எந்த லட்சணத்தில் இருக்கிறது? நடு வென்டில் தெர்மாமீட்டரைச் செருகி, எஞ்சினை 1500 ஆர்பிஎம்மில் வைத்து, ரீசர்குலேஷன் (உள்காற்றையே திரும்பச் சுழற்றும் சுவிட்ச்) போட்டுப் பத்து நிமிடம் விட வேண்டும். 7 முதல் 10 டிகிரி காட்டினால் ஆரோக்கியம். 15க்குக் கீழே இறங்க மாட்டேன் என்றால், அந்த சிஸ்டத்தில் இன்னொரு கூலிங் காயிலை (உள்ளே காற்றைக் குளிரவைக்கும் சுருளை) மாட்டுவது கடனில் முழுகியவனிடம் கைமாற்று கேட்பது மாதிரி. பல வண்டிகளில் காயில் அழுக்கேறிக் காற்றே வராது. சிலவற்றில் ஹீட்டர் வால்வு சரியாக மூடாமல் வெந்நீர் ஓடிக்கொண்டிருக்கும். இவற்றைச் சரிசெய்ததும் பின்பக்க ஏசியே வேண்டாம் என்று கிளம்பிப் போனவர்கள் உண்டு.

சரி, போட்டுத்தான் ஆக வேண்டும் என்றால், எல்லோரும் கேட்பது கம்ப்ரஸரைப் பற்றி. பெரும்பாலும் முட்டுக்கட்டை அது இல்லை, ரேடியேட்டருக்கு முன்னால் நின்று சூட்டை வெளியே விடும் கன்டென்ஸர்தான். கேஸ் லைனில் டீ (கிளை இணைப்பு) போட்டுப் பின்னால் ஒரு காயிலும், அதற்குள் போகும் கேஸைக் கட்டுப்படுத்தும் எக்ஸ்பான்ஷன் வால்வும் வைத்துவிடலாம். ஆனால் இரண்டு காயிலும் உறிஞ்சுகிற சூடு முன்னால் இருக்கும் அதே ஒரு கன்டென்ஸர் வழியாகத்தான் வெளியேற வேண்டும். நம் வெயிலில் 134ஏ என்ற குளிரூட்டும் கேஸ் ஓடும் வண்டியில் ஹை பிரஷர் (கம்ப்ரஸர் தள்ளும் பக்கத்து அழுத்தம்) 200 முதல் 250 பிஎஸ்ஐ வரை இருக்கலாம். சின்னக் கன்டென்ஸரை அப்படியே விட்டால் சிக்னலில் நிற்கும்போது 300ஐத் தாண்டும். ஃபோர் வீல் லோவில் (நாலு சக்கரமும் இழுக்கும் மெதுவான கியரில்) மேடு ஏறும்போது இன்னும் மோசம். எஞ்சின் அலறும், வண்டி ஊரும், எதிர்க்காற்று கிடையாது. கன்டென்ஸர் விடுகிற சூடு பின்னாலிருக்கும் ரேடியேட்டர்மேல் அடித்து டெம்பரேச்சர் முள் ஏறிவிடும். சூட்டை வேகமாக விடும் பேரலல் ஃப்ளோ வகைக் கன்டென்ஸரும் தனி மின்விசிறியும் சேர்த்துத்தான் எஸ்டிமேட் போட வேண்டும்.

கேஸ் விஷயத்துக்கு வருவோம். தொண்ணூறுகளின் வண்டிகளில் ஆர்-12 என்ற பழைய கேஸ் இருந்திருக்கும். அதற்கு மினரல் ஆயில், 134ஏ-வுக்கு பிஏஜி ஆயில். இரண்டு ஆயிலும் ஒன்றாக ஓடாது. பழைய ரப்பர் ஹோஸில் 134ஏ மெல்லக் கசியும் என்பதால் கசிவைத் தடுக்கும் உள்ளடுக்கு கொண்ட பேரியர் ஹோஸ் வேண்டும். சிஸ்டத்தைத் திறந்தாலே, ஈரத்தை உறிஞ்சும் டிரையரைப் புதிது போட வேண்டும். பின்பக்கத்துக்கு நீளும் பைப்பில் தங்கிவிடுகிற ஆயிலைக் கணக்கிட்டுக் கூடுதலாக ஊற்றாவிட்டால் கம்ப்ரஸர் காய்ந்துபோகும்.

சில இடங்களில் சமையல் கேஸ் வகைக் கலவையை நிரப்புகிறார்கள். கொஞ்சம் போட்டாலே ஜில்லென்று இருக்கும், விலையும் குறைவு. அதை ஒருபோதும் ஒப்புக்கொள்ளாதீர்கள். பின்பக்க ஏசியில் காயிலும் வால்வும் நீங்கள் உட்காரும் அறைக்குள்ளேயே இருக்கின்றன. இணைப்பில் இருக்கும் ஒரு ஓ-ரிங் (ரப்பர் வளையம்) விட்டுக்கொடுத்தால், மூடிய கண்ணாடிக்குள் எரியும் வாயு. பக்கத்திலேயே பொறி பறக்கும் புளோயர் மோட்டார்.

அடுத்து நான் லிஃப்டில் ஏற்றி அடியில் பார்ப்பது. பைப்புகள் சைலன்ஸரை ஒட்டி ஓடுகின்றனவா, ப்ரொப்பல்லர் ஷாஃப்டுக்கும் டிரான்ஸ்பர் கேஸுக்கும் (முன், பின் அச்சுகளுக்கு விசையைப் பிரிக்கும் பெட்டிக்கும்) போதிய இடைவெளி இருக்கிறதா? காட்டுப் பாதையில் அச்சு மேலும் கீழும் எவ்வளவு ஆடும் என்று பார்க்காமல் கட்டிய ஹோஸ் சீக்கிரம் உராய்ந்து போகும். உராய்ந்த இடம் தானே காட்டிக்கொடுக்கும்: ஆயில் கசிந்து, அதன்மேல் புழுதி அப்பி, கை வைத்தால் பிசுபிசுவென்று ஒட்டும்.

அதைவிட முக்கியம் தரையில் போட்ட ஓட்டைகள். பைப்புக்கு இரண்டு, தண்ணீர் வடிய ஒன்று. தகட்டின் விளிம்பை ராவி, பெயின்ட் அடித்து, ரப்பர் கிராமெட் (ஓட்டை விளிம்பில் மாட்டும் வளையம்) போட்டு, சீலன்ட் வைத்து அடைத்திருக்க வேண்டும். பாலிதீன் பையைச் சுருட்டித் திணித்திருந்த வண்டிகளைப் பார்த்திருக்கிறேன். பெட்டி வடிவ வண்டி ஓடும்போது அதன் பின்னால் காற்றழுத்தம் குறைந்து சைலன்ஸர் புகை அங்கேயே சுழலும். பின்கதவு பீடிங் (விளிம்பு ரப்பர்) கிழிந்திருந்தால் அதன் வழியாகவும், தரை ஓட்டை வழியாகவும் புகை உள்ளே வரும். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. மயக்கமும் தலைவலியும் வரும்போது பயணக் களைப்பு என்று நினைத்துவிடுவோம். எஞ்சினை ஓடவிட்டு ஏசி போட்டு உள்ளே தூங்குகிற பழக்கம் எந்த வண்டியிலும் ஆபத்து. தரையில் ஓட்டை போட்ட வண்டியில் அது இரட்டிப்பு ஆபத்து.

மின்சாரம் பற்றி ஒரு வரி: பின் புளோயருக்குத் தனி ரிலே, பேட்டரி அருகிலேயே தனி ஃப்யூஸ். அப்புறம் பழைய டைனமோ இந்தச் சுமையைத் தாங்குமா என்று ஐடிலில் ஹெட்லைட் போட்டுச் சோதிக்க வேண்டும்.

வேலை முடிந்ததும் நைட்ரஜன் ஏற்றிக் கசிவு பார்த்தார்களா, அரை மணி நேரமாவது வேக்கம் இழுத்தார்களா (உள்ளிருக்கும் காற்றையும் ஈரத்தையும் பம்பால் வெளியேற்றினார்களா) என்று கேளுங்கள். கேஸின் பெயர், எத்தனை கிராம், எந்த ஆயில் என்று எழுதி பானெட்டுக்கு அடியில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டச் சொல்லுங்கள். கம்பெனி ஒட்டிய பழைய ஸ்டிக்கரில் இருப்பது ஒரு காயிலுக்கான அளவு. அடுத்த முறை வேறு பட்டறையில் அதைப் பார்த்து நிரப்பினால் பின்னால் வெறும் காற்றுதான் வரும்.