3.73-ஆ, 4.56-ஆ? பிக்கப் டிரக்கின் பின் அச்சு கியர் கணக்கு

பிக்கப் டிரக்குக்குப் பெரிய டயர் மாட்டியவர்கள் பெரும்பாலும் சொல்லும் குறை ஒன்றுதான்: வண்டி முன்பு மாதிரி இழுப்பதில்லை. என்ஜினில் ஒரு ஸ்குரூவைக்கூட யாரும் தொட்டிருக்க மாட்டார்கள். ஆனாலும் மேடு வந்தால் திணறுகிறது. சமதரையில்கூட ஓவர்டிரைவில் (ஷாஃப்டைவிட என்ஜின் மெதுவாகச் சுற்றும் உயர் கியரில்) நிலைக்காமல் கியர் இறங்குவதும் ஏறுவதுமாக இருக்கிறது. என்ஜினைக் குறை சொல்லிப் பயனில்லை. பின் அச்சின் நடுவே புடைத்திருக்கும் கூட்டுக்குள் இரண்டு பற்சக்கரங்கள் இருக்கின்றன. அவற்றுக்கும் புது டயருக்கும் கணக்கு ஒத்துப்போகவில்லை.

அந்த இரண்டில் சின்னது பினியன், பெரியது கிரௌன். கியர்பாக்ஸிலிருந்து வரும் புரொப்பெல்லர் ஷாஃப்ட் பினியனைச் சுற்றுகிறது, பினியன் கிரௌனைச் சுற்றுகிறது, கிரௌனிலிருந்து டிஃபரன்ஷியல் (இரு பக்கச் சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுற்றவிடும் அமைப்பு) வழியாகச் சுழற்சி சக்கரங்களுக்குப் போகிறது. கிரௌனில் 41 பல், பினியனில் 11 பல் இருந்தால் 41-ஐ 11-ஆல் வகுத்து வருவது 3.73. இதுதான் அச்சின் கியர் விகிதம். ஷாஃப்ட் 3.73 முறை சுற்றினால் சக்கரம் ஒரு முறை சுற்றும். வேகம் எத்தனை மடங்கு குறைகிறதோ, உராய்வில் போகும் கொஞ்சத்தைக் கழித்தால், முறுக்குவிசை அத்தனை மடங்கு கூடுகிறது. திறன் புதிதாக எங்கிருந்தும் வருவதில்லை. வேகத்தைக் கொடுத்து விசையை வாங்குகிறோம், அவ்வளவுதான்.

இந்த எண்கள் ஏன் 3.73, 4.10, 4.56 என்று ஒழுங்கில்லாமல் இருக்கின்றன? நேராக 4.00 என்று வைத்தால் என்ன என்று தோன்றலாம். பினியனுக்கு 10, கிரௌனுக்கு 40 என்று பல் வைத்துப் பாருங்கள். பினியனின் ஒரு குறிப்பிட்ட பல், கிரௌனின் அதே நான்கு பற்களைத்தான் ஆயுள் முழுக்கத் தொட்டுக்கொண்டிருக்கும். ஒரு பல்லில் சின்ன மேடு இருந்தால் அந்த நான்கும் மட்டும் அடிவாங்கித் தேயும். கிரௌனில் ஒரே ஒரு பல்லைக் கூட்டி 41 ஆக்கினால் கதை மாறுகிறது. 41 பகா எண். 10-க்கும் அதற்கும் பொதுக் காரணி இல்லை. அதனால் பினியனின் ஒவ்வொரு பல்லும் கிரௌனின் 41 பற்களையும் ஒரு சுற்று பார்த்துவிட்டுத்தான் பழைய பல்லுக்குத் திரும்பி வரும். தேய்மானம் எல்லாப் பற்களுக்கும் பரவலாகப் பகிரப்படும். 4.10 பிறப்பது இப்படித்தான். 41-க்கு 9 வைத்தால் 4.56, 39-க்கு 11 வைத்தால் 3.55, 39-க்கு 8 வைத்தால் 4.88.

சரி, நம் வண்டிக்கு எது? தொடங்க வேண்டிய இடம் டயர். 31 அங்குல டயரின் சுற்றளவு ஏறத்தாழ 2.47 மீட்டர். மணிக்கு 100 கிலோமீட்டரில் ஓடினால் அந்தச் சக்கரம் நிமிடத்துக்குச் சுமார் 674 முறை சுற்றும். அதை 3.73-ஆல் பெருக்கினால் ஷாஃப்டின் வேகம் 2,510-க்கு அருகில் வரும். கியர்பாக்ஸின் ஓவர்டிரைவ் 0.70 என்றால் என்ஜின் ஓடுவது ஏறக்குறைய 1,760 ஆர்பிஎம்மில், அதாவது நிமிடத்துக்கு அத்தனை சுற்றில். இப்போது 35 அங்குல டயரை மாட்டுங்கள். அதே 100 கிலோமீட்டருக்குச் சக்கரம் 597 முறை சுற்றினால் போதும், என்ஜின் 1,560-க்கு இறங்கிவிடும். என்ஜின் மெதுவாக ஓடினால் டீசலோ பெட்ரோலோ மிச்சம்தானே என்று நினைக்கத் தோன்றும். ஆனால் பெரிய டயர் கனமானது, வண்டியை உயர்த்தியிருந்தால் காற்றின் எதிர்ப்பும் கூடியிருக்கும். தேவை கூடிய நேரத்தில் என்ஜினின் வேகத்தைக் குறைத்துவிட்டோம். அந்த ஆர்பிஎம்மில் தேவையான திறன் கிடைக்காமல் ஆக்சிலரேட்டரை ஆழமாக மிதிக்கிறோம், ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் கியரை இறக்குகிறது, என்ஜினையும் கியர்பாக்ஸையும் ஆயில் வழியாக இணைக்கும் டார்க் கன்வெர்ட்டரின் லாக் விடுபடுகிறது, ஆயில் சூடாகிறது. பின் அச்சின் கியரை மாற்றிய பிறகு எரிபொருள் செலவு குறைந்ததாகச் சிலர் சொல்வது இதனால்தான். அதில் மாயம் எதுவும் இல்லை.

நிலையிலிருந்து புறப்படும்போதும் இதே இழப்புதான். முறுக்குவிசையை டயரின் ஆரத்தால் வகுத்தால்தான் சாலையைத் தள்ளும் விசை கிடைக்கும். 31-லிருந்து 35-க்குப் போனால் ஆரம் கூடி, அந்த விசை சுமார் 11 சதவீதம் குறைகிறது.

இழந்ததை மீட்க ஒரே ஒரு பெருக்கல் போதும்: 35-ஐ 31-ஆல் வகுத்து, பழைய விகிதத்தால் பெருக்கினால் 4.21 வருகிறது. அப்படியொரு கியரைக் கடையில் தேட வேண்டாம். அருகில் கிடைப்பவை 4.10, சில அச்சுகளுக்கு 4.30, அப்புறம் 4.56. 4.10 போட்டால் அதே 100 கிலோமீட்டரில் 1,710 ஆர்பிஎம், 4.56 போட்டால் 1,905. காலி வண்டியில் நெடுஞ்சாலையே கதி என்றால் 4.10 போதும். டிரெய்லர் இழுப்பது, மலை ஏறுவது, கரடுமுரடான பாதையில் ஊர்வது என்றால் 4.56-ஐத் தயங்காமல் எடுக்கலாம். இரண்டுக்கும் நடுவில் மனம் ஊசலாடினால் பெரிய எண்ணின் பக்கம் சாய்வதே என் வழக்கம், ஏனென்றால் கணக்கு வெறும் விட்டத்தை மட்டும்தான் பார்க்கிறது. டயரின் எடையும் காற்றின் எதிர்ப்பும் அதில் வரவில்லை.

கணக்குக்கு முன் இரண்டு அளவுகளைக் கண்ணால் பார்த்துவிடுவது நல்லது. டயரின் பக்கவாட்டில் அச்சிட்ட விட்டம் காற்றில் தொங்கும் டயருக்கு உரியது; பாரம் ஏறியதும் அடிப்பக்கம் அமுங்கும். தரையைத் தொடும் இடத்தில் சுண்ணக்கட்டியால் கோடு போட்டு, வண்டியை ஒரு முழுச் சுற்று தள்ளி, தரையில் கடந்த தூரத்தை அளந்தால் உண்மையான சுற்றளவு கிடைத்துவிடும். இப்போதுள்ள விகிதம் அச்சில் தொங்கும் தகட்டில் இருக்கலாம். இல்லாவிட்டால், சாதாரண டிஃபரன்ஷியல் உள்ள வண்டியில் தரையிலுள்ள சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, கியரை நியூட்ரலில் போட்டு, ஹேண்ட்பிரேக்கை விடுவித்து, ஒரு பின் சக்கரத்தை மட்டும் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். அந்தச் சக்கரத்தைக் கையால் சரியாக இரண்டு முறை சுற்றினால் ஷாஃப்ட் எத்தனை முறை சுற்றுகிறதோ அதுதான் விகிதம். ஒரு சக்கரம் நின்று மற்றது மட்டும் சுற்றும்போது கிரௌன் பாதி வேகத்தில்தான் சுற்றும், அதனால்தான் இரண்டு முறை.

எண்ணைக் கூட்டிக்கொண்டே போகவும் முடியாது. விகிதம் கூடக் கூடப் பினியன் சிறுக்கிறது: 3.08-க்கு 13 பல் இருந்த இடத்தில் 4.88-க்கு 8 பல்தான். பற்களும் குறைவு, தலையும் சிறியது, ஒவ்வொரு பல்லும் கூடுதல் சுமை தாங்குகிறது. பினியன் சிறுத்தால் கிரௌனை அதன் பக்கம் நகர்த்தியும் ஆக வேண்டும். இதனால் சில அச்சுகளில் குறிப்பிட்ட விகிதத்தைத் தாண்டினால் கிரௌனைத் தாங்கும் கேரியரையே மாற்ற வேண்டிவரும். டானா 44 அச்சில் 3.73 வரை ஒரு கேரியர், 3.92-லிருந்து வேறொன்று. கியரை வாங்கும் முன் இதைக் கேட்காமல் விட்டால் செலவு இரட்டிப்பாகும். நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி என்றால் முன் அச்சின் கியரையும் சேர்த்தே மாற்ற வேண்டும். பின்னால் 4.56, முன்னால் 3.73 என்று இருந்தால், பிடிப்புள்ள சாலையில் இரண்டு அச்சுகளும் ஒன்றையொன்று எதிர்த்து முறுக்கி எதையாவது உடைக்கும்.

கியர்பாக்ஸ் எது என்பதும் முக்கியம். ஜெனரல் மோட்டார்ஸின் பழைய நான்கு வேக கியர்பாக்ஸான 4எல்60இ-யில் முதல் கியர் 3.06, கடைசி கியர் 0.70. இழுவையையும் நெடுஞ்சாலை ஓட்டத்தையும் அந்தக் குறுகிய வரம்புக்குள் அடக்க, பாரத்தைப் பின் அச்சுதான் சுமந்தது. ஃபோர்டின் பத்து வேக கியர்பாக்ஸான 10ஆர்80-இல் முதல் கியர் கிட்டத்தட்ட 4.70, கடைசி கியர் 0.64. இதோடு 3.55 அச்சு சேர்ந்தாலே, முதல் கியரில் மொத்தப் பெருக்கம் 16.7 ஆகிறது, பழைய பெட்டியில் 3.73 வைத்தாலும் 11.4-தான். இப்படிப்பட்ட புது வண்டியில் ஒரு அங்குலமோ இரண்டு அங்குலமோ டயரைக் கூட்டியதற்காக அச்சைத் திறப்பது தேவையற்ற வேலை.

திறந்துவிட்டால், பொறுமை சோதிக்கப்படும் இடம் பொருத்துவதுதான். இவை ஹைப்பாய்டு கியர்கள். பினியனின் அச்சு கிரௌனின் மையத்துக்கு நேராக இல்லாமல் விலகி, பெரும்பாலும் கீழே அமைந்திருக்கும். அதனால் பற்கள் உருளுவதோடு நீளவாக்கில் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கவும் செய்யும். அந்த அழுத்தத்தில் சாதாரண எண்ணெய்ப் படலம் கிழிந்துவிடும். கந்தக, பாஸ்பரஸ் சேர்மங்கள் கலந்த ஜிஎல்-5 வகை ஆயில் கேட்பது இதற்காகத்தான். கிரௌனையும் பினியனையும் ஜோடியாகவே பார்க்க வேண்டும். ஒரு ஜோடியின் பினியனை வேறு ஜோடியின் கிரௌனோடு சேர்க்கக் கூடாது.

பினியன் எவ்வளவு உள்ளே நிற்கிறது என்பதை மெல்லிய ஷிம் தகடுகள் தீர்மானிக்கின்றன. இரண்டு பற்களுக்கு நடுவே விடும் இடைவெளி, அதாவது பேக்லாஷ், பொதுவாக 0.15 முதல் 0.25 மில்லிமீட்டர். அதை டயல் கேஜ் வைத்து, கிரௌனைச் சுற்றிப் பல இடங்களில் அளப்பார்கள். பிறகு கிரௌனின் சில பற்களில் மஞ்சள் பசையைத் தடவி, கொஞ்சம் தடை கொடுத்துச் சுற்றிப் பார்ப்பார்கள். பசை விலகிய தடம் பல்லின் நடுவில் நீள்வட்டமாக விழுந்தால் சரி. அடிப்பக்கம் ஒதுங்கினால் பினியன் ஆழமாகப் போயிருக்கிறது, நுனிப்பக்கம் ஏறினால் போதிய ஆழம் போகவில்லை. ஷிம்மை மாற்றி, அழுத்தி, மறுபடி பசை தடவி, மறுபடி பார்க்க வேண்டும். தடத்தைப் பார்க்காமல் பேக்லாஷை மட்டும் அளந்து மூடிவிடும் மெக்கானிக்கிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள். அந்த வேலையின் குறை ஓடும்போது ஊளையிடும் சத்தமாக வெளிப்படும்.

புது கியருடன் முதலில் 25, 30 கிலோமீட்டர் மென்மையாக ஓட்டி, அச்சு நன்றாக ஆறும்வரை நிறுத்திவைக்க வேண்டும். இதை இரண்டு மூன்று முறை செய்யச் சொல்வார்கள். பற்களின் முகம் ஒன்றோடொன்று படியும்போது சூடு அதிகம், அந்தச் சூட்டில் எஃகின் கடினத்தன்மையே குறைந்துவிடலாம். முதல் 800 கிலோமீட்டருக்கு டிரெய்லரைத் தொடக் கூடாது. ஸ்பீடோமீட்டரை புது டயருக்கும் விகிதத்துக்கும் ஏற்பத் திருத்தியாக வேண்டும், இல்லையென்றால் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸும் தவறான வேகத்தை நம்பிக் கியரை மாற்றும். 800 கிலோமீட்டர் முடிந்ததும் ஆயிலை இறக்குங்கள். வடிகால் காந்தத்தில் சாம்பல் நிறச் சேறு மாதிரி நுண்துகள் ஒட்டியிருந்தால் அது இயல்பு. விரலில் குத்தும் அளவுக்குச் சில்லு வந்தால் மூடியைத் திரும்பத் திறந்து தடத்தைப் பார்க்க வேண்டியதுதான்.