ஹீட் ஸ்ட்ரெஸ்: வெப்ப அழுத்தமா, வெப்பச்சுமையா?

கோடை வந்தால் கர்ப்பிணிகளுக்கான அறிவுரைகளில் 'வெப்ப அழுத்தம்' என்ற தொடரும் வந்துவிடுகிறது. ஹீட் ஸ்ட்ரெஸ் என்பதற்கு நம் செய்தித்தாள்கள் தரும் பெயர் அது. மாதாமாதம் பரிசோதனைக்குப் போகும் பெண்ணுக்கோ, அழுத்தம் என்றால் கையில் பட்டை சுற்றிப் பார்க்கும் இரத்த அழுத்தம்தான். 'எனக்குப் பிரஷர் இல்லையே' என்று அவர் அந்த அறிவுரையைக் கடந்துபோகக்கூடும். இந்த ஒரு காரணமே போதும், சொல்லை மாற்ற.

ஸ்ட்ரெஸ் என்பதன் வேர், 'இறுக்கிக் கட்டு' என்று பொருள்படும் லத்தீன் வினை. பொறியியலில் புழங்கிய அதை, கனடாவில் பணியாற்றிய மருத்துவ ஆய்வாளர் ஹான்ஸ் செல்யே 20ஆம் நூற்றாண்டில் உடலியலில் பரவச் செய்தார். நம் இயற்பியல் பாடநூல்கள் ஸ்ட்ரெஸ்ஸைத் தகைவு என்றும், அதனால் விளையும் ஸ்ட்ரெயினைத் திரிபு என்றும் பிரித்தே சொல்கின்றன. வெப்ப மருத்துவத்திலும் அதே பிரிவு உண்டு. வெயில், ஈரப்பதம், காற்றோட்டம், செய்யும் வேலை, உடுத்திய உடை எல்லாம் சேர்ந்து உடல்மேல் ஏற்றும் பாரம் ஹீட் ஸ்ட்ரெஸ். அதைத் தாங்க உடல் படும் பாடு ஹீட் ஸ்ட்ரெயின்.

முன்னதை வெப்பச்சுமை என்றும், பின்னதை வெப்ப அயர்ச்சி என்றும் சொல்லலாம். அயர்ச்சி கோழிப் பண்ணையாளர்களுக்குப் பழகிய சொல்தான். 'உடம்புச் சூடு' என்ற வழக்கை நான் தவிர்ப்பேன். அதைச் சொன்னதுமே பேச்சு பப்பாளிக்கும் எள்ளுக்கும் போய்விடும். வெயிலில் செய்யும் வேலை மறந்துபோகும்.

சுமை என்பது கர்ப்பிணிக்கு மிகவும் பொருந்தும். கருவின் வளர்ச்சியால் அவர் உடலில் ஏற்கெனவே கூடுதல் வெப்பம் உண்டாகிறது. கருவின் வெப்பநிலை தாயினுடையதைவிட ஏறத்தாழ அரை டிகிரி செல்சியஸ் அதிகம். அந்த வெப்பமும் தாய் வழியாகத்தான் வெளியேற வேண்டும். வெக்கை கூடும்போது, உடலைக் குளிர்விக்க இரத்தம் தோலை நோக்கித் திரும்புகிறது. நஞ்சுக்கொடிக்குப் போகும் இரத்தம் குறையலாம். நீரிழப்பும் சேர்ந்தால் கருப்பை முன்கூட்டியே சுருங்கத் தொடங்கலாம். அதிக வெப்பத்துக்கும் குறைப்பிரசவம், எடை குறைந்த பிறப்பு ஆகியவற்றுக்கும் உள்ள தொடர்பைப் பல நாடுகளின் ஆய்வுகள் காட்டியுள்ளன.

தமிழ்நாட்டிலேயே 800 கர்ப்பிணிகளிடம் ஸ்ரீ ராமச்சந்திரா கல்வி நிறுவன ஆய்வாளர்கள் நடத்திய ஆய்வு 2024இல் வெளியானது. கடும் வெப்பத்தில் வேலை செய்த பெண்களுக்குக் கருச்சிதைவு அபாயம் ஏறத்தாழ இரு மடங்கு என்றது அது. செங்கல் சூளையிலும் உப்பளத்திலும் தண்ணீர் பக்கத்திலேயே இருந்தாலும் பெண்கள் குடிக்கத் தயங்குகிறார்கள், ஒதுங்கக் கழிப்பறை இல்லாததால். நிழல், ஓய்வு, கழிப்பறை: இவை சுமையை இறக்கும் வழிகள். 'நிறையத் தண்ணீர் குடியுங்கள்' என்று அவர்களிடம் சொல்லிவிட்டு ஓய்ந்துவிடுவது அநியாயம்.

கைக்குழந்தைக்கும் இதே சொல் பொருந்தும். வியர்த்துக் குளிரும் திறன் அதற்கு இன்னும் முழுமையாக வரவில்லை. தகரக் கூரையின் கீழ், தடித்த துணித் தூளியில் காற்றும் புகாமல் படுத்திருக்கும் குழந்தைக்குத் தூளியே சுமையின் ஒரு பகுதி. துணியை விலக்கிக் காற்றோட்டமான நிழலில் கிடத்த வேண்டும். ஆறு மாதம் நிறையாத குழந்தைக்குத் தண்ணீர் புகட்டக் கூடாது. தாய்ப்பாலை வழக்கத்தைவிட அடிக்கடி கொடுக்க வேண்டும். குழந்தை சோர்ந்து பால் குடிக்க மறுத்தாலோ, சிறுநீர் கழிப்பது குறைந்தாலோ, அது அயர்ச்சி தொடங்கிவிட்டதன் அறிகுறியாக இருக்கலாம். உடனே மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்லுங்கள்.