சகி மையம்: பெயரும் பொருளும்

'சகி', 'ஒன் ஸ்டாப் சென்டர்', 'ஓ.எஸ்.சி.', 'ஒருங்கிணைந்த சேவை மையம்' ஆகிய நான்கும் ஒரே இடத்தின் பெயர்கள். வீட்டில் அடியும் மிரட்டலும் தாங்காத பெண்ணுக்கு மருத்துவம், போலீஸ் புகாருக்கு உதவி, வக்கீல், மனநல ஆலோசனை, தற்காலிகமாகத் தங்க இடம் எல்லாம் ஒரே கூரையின் கீழ் கிடைக்க வேண்டும் என்பதற்காக, பெண்கள் பாதுகாப்புக்கான நிர்பயா நிதியிலிருந்து 2015 ஏப்ரல் 1 முதல் மத்திய அரசு நடத்தும் திட்டம் இது. தமிழ்நாட்டில் சமூக நலத் துறையின் பொறுப்பில் இருக்கிறது.

'ஒன் ஸ்டாப்' அமெரிக்க வியாபாரத்தில் பிறந்த சொல். ஒரு தடவை வண்டியை நிறுத்தினால் வேண்டியதையெல்லாம் வாங்கிக்கொண்டு போகலாம் என்பதுதான் அதன் முதல் பொருள். வன்முறைக்கு ஆளான பெண்களுக்கான சேவைக்கு இந்தச் சொல்லைக் கொண்டுவந்ததில் மலேசியாவுக்குப் பெரிய பங்கு உண்டு. 1990களின் முற்பகுதியில் கோலாலம்பூர் பொது மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவிலேயே இப்படி ஒரு மையம் தொடங்கினார்கள். காயத்தோடு வருகிற பெண் முதலில் போவது ஆஸ்பத்திரிக்குத்தான், அதனால் மற்ற உதவிகளும் அங்கேயே வரட்டும் என்பது அவர்கள் கணக்கு. நம்முடைய வழிகாட்டு நெறிகளும் அதையொட்டியே, மருத்துவமனை வளாகத்துக்குள், இல்லாவிட்டால் 2 கிலோமீட்டருக்குள் மையம் இருக்க வேண்டும் என்கின்றன.

அப்புறம் 'சகி'. வடமொழியில் தோழி என்று பொருள். 'சகியே' என்று நாயகி கூப்பிடும் பதம் என்னும் இசைப்பாடல்களைக் கேட்டவர்களுக்கு இது புரியும். மற்றவர்கள் காதில் 'சகி' என்பது 'பொறுத்துக்கொள்' என்றே விழும். சகித்தல், சகிப்புத்தன்மை எல்லாம் வேறு வேரிலிருந்து வந்தவை, தோழிக்கும் அதற்கும் உறவில்லை. இருந்தாலும், "பிள்ளைகள் முகத்தைப் பார்த்துச் சகிச்சுக்கோம்மா" என்று மாமியாரும் பெற்ற தாயும் ஊர்ப் பெரியவரும் வருடக்கணக்கில் சொல்லக் கேட்ட பெண்ணிடம், உதவிக்கு 'சகி'க்குப் போ என்று எப்படிச் சொல்வது?

'ஒருங்கிணைந்த சேவை மையம்' அரசாணைக்குப் பொருத்தமான பெயர். ஆனால் கிராமத்தில் சேவை மையம் என்றால் சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், பட்டா என்றுதான் நினைப்பார்கள். இ-சேவை மையம் அந்த அளவுக்குப் பழகிவிட்டது. கை உடைந்த பெண் போக வேண்டிய இடம் இந்த மையம் என்று பெயரை வைத்து யாரும் கண்டுபிடிக்க முடியாது. 2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் உடல் அல்லது பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்களில் யாரிடமாவது உதவி கேட்டவர்கள் 14 சதவீதம்தான். பெயர் புரியாதது மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் பெயர்தானே முதல் படி.

இதற்குச் சரியான தமிழ் எது? செயலை விளக்க 'ஓரிட உதவி மையம்' போதும். பெயராக வைக்க 'தோழி மையம்' என்பதே என் தேர்வு. தமிழ்நாடு அரசு ஏற்கெனவே வேலைக்குப் போகும் பெண்களின் விடுதிக்குத் 'தோழி' என்று பெயர் வைத்திருக்கிறது, மக்கள் நாவிலும் ஏறிவிட்டது. 'சகி'க்கு நேர்ப்பொருளும் அதுதான். அதைவிட முக்கியம், சங்க இலக்கியத்தில் தோழி செய்யும் வேலை. தலைவி வாய்விட்டுச் சொல்ல முடியாததைத் தோழி, தலைவியை வளர்த்த செவிலித்தாயிடம் எடுத்துச் சொல்வாள். அதற்கு 'அறத்தொடு நிற்றல்' என்று பெயர். தலைவி தேடி வரட்டும் என்று காத்திருக்க மாட்டாள், பக்கத்திலேயே இருப்பாள்.

கிராமத்துப் பெண்ணுக்கு இல்லாமல் போவது, இப்படிப் பக்கத்திலேயே இருக்கும் துணைதான். மையம் பெரும்பாலும் மாவட்டத் தலைநகரில். வால்பாறை எஸ்டேட்டில் இருக்கும் பெண் கோயம்புத்தூர் போக வேண்டுமென்றால், ஆழியாறு இறங்குவதற்குள்ளேயே 40 கொண்டை ஊசி வளைவுகள். ஒரு நாள் கூலி போகும், பிள்ளையைக் கூட்டிப்போக வேண்டும், திரும்பி வர நேரம் வேண்டும். எஸ்டேட் குடியிருப்பை விட்டு வெளியேறினால் வேலையே கேள்விக்குறி. பெண்கள் உதவி எண் 181-ஐக் கூப்பிடலாம், ஆனால் வீட்டில் ஒரே போன், அதுவும் புருஷன் சட்டைப் பையில். அப்படியே போய்ச் சேர்ந்தாலும் மையத்தில் தங்க அதிகபட்சம் 5 நாள்தான்.

ஆகவே அங்கன்வாடிப் பணியாளர், கிராம சுகாதார செவிலியர், மகளிர் குழுத் தலைவி ஆகியோரிடமிருந்து வழி தொடங்க வேண்டும். 2005-ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டம் இதற்கு இடம் தருகிறது. 4-ஆம் பிரிவின்படி, வன்முறை நடப்பதாக அறிந்த யாரும், இந்தச் சட்டப்படி அரசு நியமிக்கும் பாதுகாப்பு அலுவலருக்குத் தகவல் சொல்லலாம், நல்லெண்ணத்தோடு சொன்னவர் மீது வழக்கு வராது. பாதுகாப்பு அலுவலர் நிரப்பும் படிவத்தில் அடிக்கு மட்டுமல்லாமல் பணக் கொடுமைக்கும் தனி இடம் உண்டு: சாப்பாட்டுக்கும் மருந்துக்கும் பணம் தராதது, வேலைக்குப் போக விடாதது, சம்பளத்தைப் பிடுங்கிக்கொள்வது. 100 நாள் வேலைக் கூலியைப் புருஷன் வாங்கிக்கொண்டால் அதையும் இங்கே எழுதலாம். "இதெல்லாமா புகார்?" என்று தயங்குகிறவர்களுக்கு இந்தப் பகுதியை ஒருமுறை வாசித்துக் காட்டினால் போதும், பேசத் தொடங்குவார்கள்.

2025 மே மாதம் உச்ச நீதிமன்றம், மாவட்ட அளவில் மட்டுமல்ல, தாலுகா அளவிலும் பாதுகாப்பு அலுவலர்களை நியமிக்க மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. அந்த அலுவலரின் பெயரும் போன் நம்பரும் ரேஷன் கடைச் சுவரிலும், அங்கன்வாடியிலும், ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெண்கள் மட்டும் போகும் பகுதியிலும் எழுதப்பட வேண்டும். கூடவே இரண்டு வரி: பெண்களுக்கு வருமான வரம்பில்லாமல் இலவச வக்கீல் கிடைப்பார், 15100-க்குக் கூப்பிடுங்கள். அம்மா வீட்டுக்கு வந்துவிட்டாலும் பரவாயில்லை, இப்போது தங்கியிருக்கும் ஊரின் கோர்ட்டிலேயே மனு போடலாம்.