சுத்துறது ஜாபா, கட்டரா? தேயிலை ரோலரை வச்சு லேத்தும் மில்லிங்கும்

கோத்தகிரி குன்னூர் பக்கம் வளர்ந்தவங்களுக்கு தேயிலை ஃபேக்டரி வாசனை தெரியாம இருக்காது, ஆனா உள்ள இலையை கிழிக்கிற சிடிசி மெஷின் ரோலரை கழட்டி பல்லு வெட்டுறதை பாத்தவங்க கம்மி. எங்கப்பா ஃபேக்டரியில ஃபிட்டர், அதனால லீவு நாள்ல அந்த பட்டறையில போய் நின்னுருவேன். லேத்துன்னா என்ன மில்லிங்னா என்னன்னு எனக்கு புரிஞ்சது அந்த ரோலர்லதான். இப்ப வீட்டுக்கு பின்னாடி ஷெட்டுல சின்னதா ஒரு மெஷின் வாங்கி போட்டு பொழுதுபோக்கா கத்துக்கணும்னு நினைக்கிறவங்களுக்கும் அதை வச்சே சொல்றேன்.

முதல்ல மனசுல ஏத்திக்க வேண்டியது ஒண்ணுதான், எது சுத்துது? லேத்துல ஜாப், அதாவது நாம வெட்டுற பொருள், சுத்தும், டூல் சுத்தாது. மில்லிங்ல கட்டர், அதாவது சுத்திவர பல்லு வச்ச வெட்டுக்கருவி, சுத்தும், ஜாப் டேபிளோட சேர்ந்து மெதுவா நகரும். கேத்தி கேரட் ஒண்ணை எடுத்து கத்தியை அசையாம வச்சுட்டு கேரட்டை மட்டும் சுத்திக்கிட்டே தோல் சீவுங்க, அதுதான் லேத்து. கிரைண்டர்ல மாட்டுற தேங்கா துருவி இருக்கே, அது சுத்திட்டே இருக்க நாம மூடியை கொண்டுபோய் அழுத்துறோம், அது மில்லிங். அதனாலதான் உருண்டையா வர வேண்டியது எல்லாம், ஷாஃப்ட், புஷ், மரை, லேத்துக்கு போகுது. தட்டை, காடி, சாவிப் பள்ளம், பல்லு எல்லாம் மில்லிங்குக்கு போகுது. கல்லாறு தாண்டினதும் பல் தண்டவாளத்தை புடிச்சு 12 அடிக்கு 1 அடி ஏத்தத்துல ஏறுற நம்ம மலை ரயிலோட பல்சக்கரமும் இப்படித்தான், உருண்டை லேத்து வேலை, பல்லு சுத்துற கட்டரோட வேலை.

இப்ப ரோலருக்கு வர்றேன். சிடிசின்னா இலையை நசுக்கி, கிழிச்சு, சுருட்டுறது. 1930 வாக்குல அஸ்ஸாம்ல மெக்கெர்ச்சர்ங்கிறவர் உருவாக்குன முறை. ரெண்டு ரோலர் எதிரெதிரா சுத்தும், ஒண்ணு மெதுவா, இன்னொண்ணு அதை விட சுமார் 10 மடங்கு வேகமா, நடுவுல மாட்டுற இலை பல்லுல கிழியும். பல்லு மழுங்கிப் போச்சுன்னா இலை கிழியாம நசுங்கி சூடாகும், தூளோட தரம் போயிடும், அதனால ரோலரை கழட்டி திரும்ப பல்லு வெட்டணும். மொதல்ல லேத்து மாதிரி சுத்த விட்டு மேல மழுங்குன பாகத்தை சீவி சுத்தமான உருளை ஆக்குவாங்க. அப்புறம் மில்லிங் கட்டர் வச்சு நீளவாக்குல லேசா சாய்ஞ்ச காடி காடியா வெட்டுவாங்க. கடைசியா சேஸிங்னு சொல்றது, ரோலரை திரும்ப சுத்த விட்டு குறுக்கால சுத்திவர காடி போடுறது. ரெண்டு காடியும் குறுக்க வெட்டிக்கிற எடத்துல மிஞ்சுறதுதான் பல்லு! ஒரே பொருள் மேல ரெண்டு விதமான வெட்டும் விழுறதை வேற எங்கயும் இவ்வளவு தெளிவா நான் பாத்ததில்ல.

வெட்டு விழுற விதமும் வேற. லேத்துல டூல் ஜாபை விடாம தொட்டுக்கிட்டே இருக்கும், அதான் சீவல் நீளமா சுருள் சுருளா வருது. மில்லிங்ல ஒவ்வொரு பல்லா வந்து இடிச்சுட்டு போகும், சீவல் குட்டி குட்டியா விழும், அந்த இடியை தாங்கத்தான் மெஷின் கனமா இருக்கணும். புதுசா பழகுறவங்க ஜாபை கட்டர் சுத்துற திசைக்கு எதிரா தள்ளுங்க. அதே திசையில தள்ளுனா டேபிளை நகர்த்துற ஸ்குரூவுல இருக்குற லூசு அளவுக்கு கட்டர் டேபிளை வெடுக்குனு உள்ள இழுத்துக்கும், கட்டர் ஒடியும்.

வேகத்துக்கு ஒரு கணக்கு உண்டு, வெட்டு வேகத்தை 1000 ஆல பெருக்கி, விட்டத்தை 3.14 ஆல பெருக்கி அதால வகுக்கணும். சாதா இரும்பை ஹெச்எஸ்எஸ் (ஹை ஸ்பீடு ஸ்டீல்) டூல்ல வெட்ட நிமிஷத்துக்கு 25 மீட்டர்னு வச்சுக்கோங்க, 25 மில்லி கம்பியை லேத்துல போட்டா நிமிஷத்துக்கு சுமார் 320 சுத்து வரும். மில்லிங்லயும் இதே கணக்குதான், ஆனா விட்டம் கட்டரோடது, 10 மில்லி எண்ட் மில்லுன்னா (நுனியிலயும் பக்கத்துலயும் வெட்டுற கட்டர்) சுமார் 800. சுத்துறது எதுவோ அதோட விட்டம், அவ்வளவுதான்.

எங்க ஊருக்குன்னு ஒரு எச்சரிக்கை இருக்கு. குளிருக்கு மஃப்ளர், முழுக்கை ஸ்வெட்டர், கையுறை போட்டுக்கிட்டே பட்டறைக்குள்ள போற பழக்கம் நமக்கு, மெஷினை ஆன் பண்றதுக்கு முன்னாடி அத்தனையையும் கழட்டிருங்க. ஜாபை கவ்விப் புடிச்சு சுத்துற சக்குல ஒரு நூல் மாட்டுனா போதும், கையை இழுத்துக்கும், விடாது. சக்கை இறுக்குற சாவியையும் சக்குலயே விட்டுட்டு ஸ்விட்சை போடாதீங்க. வேலை முடிஞ்சதும் லேத்தோட பெட்டை (அடியில இருக்குற நீளமான படுகையை) துடைச்சு எண்ணெய் தடவிடணும், இந்த மூடுபனிக்கு வார்ப்பு இரும்பு சீக்கிரமே துரு புடிச்சிடும்.

எதை மொதல்ல வாங்குறதுன்னா, லேத்துதான்னு நான் சொல்லுவேன். அதுல ஜாபை மேல கீழ நகர்த்துற வெர்டிக்கல் ஸ்லைடு மாட்டி சின்ன சின்ன மில்லிங் பண்ணிக்கலாம், ஆனா மில்லிங் மெஷின்ல லேத்து வேலை சரியா வராது. முதல் ஜாபா ஒரு பித்தளைத் துண்டை உருண்டையா கடைஞ்சு பாருங்க, கால் மில்லி ஆழம் வெட்டுனா விட்டம் அரை மில்லி குறையும், உங்க மெஷின் டயல் ஆழத்தை காட்டுதா விட்டத்தை காட்டுதான்னு வெர்னியர் வச்சு அளந்து பாத்துக்கோங்க. அப்புறம் அதே துண்டுல ஸ்பேனர் புடிக்க ரெண்டு பக்கம் தட்டையா மில்லிங் போடுங்க.