அமெனிட்டின்னா வசதி இல்லைங்க

இங்கிலாந்துல வீட்டுக்குப் பின்னாடி பெருசா எக்ஸ்டென்ஷன் கட்ட அப்ளை பண்ணினா, "பக்கத்து வீட்டோட வசதி பாதிக்குமான்னு கவுன்சில் (நம்ம ஊர் நகராட்சி மாதிரி) பாக்கும்"னு நம்மாளுங்க சொல்றாங்க, கேக்கறவங்க ஏதோ பார்க்கிங் பிரச்சனைன்னு நினைச்சுக்கறாங்க. விதியில இருக்கற சொல் அமெனிட்டி, அதைத்தான் வசதின்னு மாத்திச் சொல்றாங்க.

லத்தீன்ல அமோயனுஸ்னா இனிமையான, ரம்மியமான, பெரும்பாலும் இடங்களைப் பத்திச் சொல்றது. பிரெஞ்சு வழியா இங்கிலீஷுக்கு வந்துச்சு, நீச்சல்குளம் ஜிம்முன்னு வசதிங்கற அர்த்தம் எல்லாம் பின்னாடி ஒட்டினது. 1909ல பிரிட்டன்ல வந்த வீட்டுவசதி, நகரமைப்புச் சட்டத்துல சுகாதாரம், அமெனிட்டி, கன்வீனியன்ஸ்னு மூணையும் வரிசையா நோக்கமா சொல்லியிருக்காங்க. வசதிக்குத் தனிச் சொல் பக்கத்துலயே நிக்குது பாருங்க, அப்பறம் அமெனிட்டியையும் வசதின்னா எப்படி?

இப்ப எக்ஸ்டென்ஷன் விதிக்கு வருவோம். 2013ல தற்காலிகமா வந்து 2019ல நிரந்தரமாச்சு. தரைத்தளம் மட்டும்தான், தனி வீடுன்னா பின்பக்கம் 4 மீட்டருக்கு மேல 8 வரைக்கும், மத்த வீடுகளுக்கு 3க்கு மேல 6 வரைக்கும் முழு பிளானிங் பெர்மிஷன் இல்லாமலே கட்டலாம், ஆனா பிரையர் அப்ரூவல், அதாவது முன் ஒப்புதல், கேட்டு கவுன்சிலுக்கு எழுதணும். ஃபிளாட்டுக்கும் கன்சர்வேஷன் ஏரியாவுக்கும், அதாவது பழமை மாறாம காக்கற பகுதிக்கும், இது கிடையாது. கவுன்சில் ஒட்டின வீடுகளுக்கு லெட்டர் போட்டு குறைஞ்சது 21 நாள் டைம் குடுக்கும். யாரும் ஆட்சேபிக்கலைன்னா அமெனிட்டி பேச்சே எழாது! ஒருத்தர் ஆட்சேபிச்சாலும் போதும், அவர் வீடு மட்டுமில்ல, ஒட்டின எல்லா வீட்டோட அமெனிட்டியையும் கவுன்சில் பாத்தாகணும். 42 நாளுக்குள்ள பதில் வரலைன்னா கட்ட ஆரம்பிச்சுக்கலாம். மறுத்துட்டா கட்டறவர் அப்பீல் போகலாம், பக்கத்து வீட்டுக்காரருக்கு அந்த உரிமை இல்ல, இது கொஞ்சம் ஓரவஞ்சனைதான்.

சரி, அமெனிட்டின்னு எதைப் பாக்கறாங்க? சட்டத்துல வரையறை கிடையாது, பழக்கத்துல வந்ததுதான். ஜன்னல் வெளிச்சம் குறையுமா, தோட்டத்துல நிழல் விழுமா, உள்ள இருக்கறவங்களை எட்டிப் பாக்கற மாதிரி ஆயிடுமா, உசந்த சுவர் மூஞ்சிக்கு நேரா வந்து அமுக்கற மாதிரி இருக்குமா. நிறைய கவுன்சில்கள் பக்கத்து வீட்டு ஜன்னல் நடுவுல இருந்து 45 டிகிரி கோடு போட்டு, புதுச் சுவர் அதைத் தாண்டுதான்னு பாப்பாங்க. வீட்டு விலை குறையும், வியூ போயிடும், ரெண்டு வருஷமா பேச்சுவார்த்தை இல்லைன்னு எழுதறதெல்லாம் கணக்குல வராது, ஆனா ஜனங்க எழுதறது என்னவோ இதைத்தான்.

அப்ப தமிழ்ல என்ன சொல்றது? வாழிட நலம்னு சொல்லலாம்னா, நலம்ங்கறது சுகாதாரத்துப் பக்கம் சாய்ஞ்சிடுது. இதம் பொருத்தமாத்தான் இருக்கு, வடசொல்னு சண்டைக்கு வருவாங்க. எனக்கு வாழிட இனிமை சரியாப்படுது, லத்தீன் வேரோட பொருளும் அதுலயே இருக்கு. "பக்கத்து வீட்டின் வாழிட இனிமை பாதிக்கப்படும்"னு எழுதினா வெளிச்சம், அந்தரங்கம் எல்லாம் அதுக்குள்ள அடங்கிடும். ரியல் எஸ்டேட் விளம்பரத்துல பன்மையில வர்ற அமெனிட்டீஸ் மட்டும் வசதிகளாவே இருந்துட்டுப் போகட்டும்.